கதிரியக்க அயோடினுக்குப் பிறகு கழுத்து வீக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைராய்டு மிகையாகச் சுரப்பதைக் குறைக்கவோ, தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகோ கதிரியக்க அயோடின் எடுத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டவர்கள், நம் திருநெல்வேலி, தென்காசிப் பக்கங்களிலிருந்து பலரும் மதுரை, திருவனந்தபுரம், வேலூர் என்று போய்த்தான் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு தொல்லையும் இருப்பதில்லை. கழுத்து வலிப்பதும் வீங்குவதும், வருமானால், பெரும்பாலும் ஒரு வாரம் போல ஆன பிறகு, மருந்து கொடுத்தவர்கள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது வருகின்றன.

நான் மருத்துவர் அல்ல. பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய்க்காக 15 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின் எடுத்துக்கொண்டு, ஆறாம் நாள் கழுத்து வீங்கி, பயந்து, பிறகு தெளிந்தவள். என்னிடமும் என் மருத்துவரிடமும் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கேட்ட கேள்விகளே இங்கே இருக்கின்றன. உங்கள் மருத்துவர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

விழுங்கிய அயோடின் கழுத்துக்கு மட்டும் எப்படிப் போய்ச் சேர்கிறது?

ஹார்மோன் செய்வதற்குத் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். இரத்தத்தில் மிகச் சிறிதளவே ஓடும் அயோடினையும் இழுத்துத் தனக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. வருவது சாதாரண அயோடினா, கதிர் வீசும் அயோடினா என்று பிரித்தறியத் தெரியாது. இந்த அறியாமையைத்தான் மருத்துவம் பயன்படுத்திக்கொள்கிறது. மாத்திரையாகவோ திரவமாகவோ உள்ளே போகும் அயோடின்-131 என்ற கதிர் வீசும் அயோடின் இரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்குள் சுரப்பியில் நிறைந்துவிடுகிறது. மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறுகிறது. சுரப்பிக்குள் தங்கியது வீசும் பீட்டா கதிர்கள் திசுவுக்குள் இரண்டு மில்லிமீட்டர் தொலைவுக்கு மேல் போவதில்லை என்பதால், சேதம் அநேகமாகச் சுரப்பியோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் ஏன் வீங்குகிறது?

உமிக்குவியலில் தீ வைத்தால் சுடர் எழாது. ஆனால் உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அயோடின்-131-ன் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் கதிரியக்கம் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்; ஆகவே முதல் வாரத்தில்தான் சுரப்பியின் செல்கள் மிகுதியாக அடிபடுகின்றன. அடிபட்ட செல்கள் உடனே சாவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைகின்றன. சிதைந்ததை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து திசுவில் நீர் கோக்கிறது. தைராய்டைச் சுற்றி இறுக்கமான ஒரு மெல்லிய உறை இருப்பதால், உள்ளே சிறிது வீங்கினாலும் உறை விரிந்து வலி எடுக்கிறது. இதையே கதிர்வீச்சுத் தைராய்டு அழற்சி என்கிறார்கள். கிருமியால் வருவது அல்ல; ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் அல்ல.

எல்லோருக்கும் இது வருவதில்லை. அயோடின் எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றுமே உணராமல் கடந்துவிடுகிறார்கள். சிலருக்கு விழுங்கும்போது லேசான உறுத்தல் மட்டும் இருக்கும். வெளியே தெரியும்படி வீங்குவது அவர்களிலும் சிலருக்குத்தான். முன்பே பெரிய கழலை (தைராய்டு பெருத்துத் தொங்குவது) உள்ளவர்களும், அறுவை சிகிச்சையில் சுரப்பியின் பெரும்பகுதி எடுக்கப்படாமல் எஞ்சியிருப்பவர்களும் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்க்கலாம். வேகிறதற்கு அங்கே திசு அதிகம் இருக்கிறது.

எத்தனையாவது நாளில் வரும்? எத்தனை நாள் இருக்கும்?

பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தொடங்கினால் அது இந்த அழற்சியாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. பெரிய அளவு மருந்து எடுத்தவர்களில் அபூர்வமாகச் சிலருக்கு, இரண்டு நாளுக்குள்ளேயே வலியில்லாமல் கழுத்து முழுவதும் உப்பிக்கொள்வதும் உண்டு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் நாள் இரவு இட்லியை விழுங்கும்போது தொண்டைக்குக் குறுக்கே கயிறு கட்டியதுபோல் இருந்தது. வழக்கமாகக் கழுத்தெலும்பின் மேல் தளர்ந்து கிடக்கும் சங்கிலி, தொண்டைக்குழிக்கு மேல் ஏறி இறுகி நின்றது. விரலால் தொட்டால் முன்கழுத்தில் இரண்டு பக்கமும் வலித்தது. வலி அங்கிருந்து தாடைக்கும் இடது காதுக்கும் ஓடியது. காதில்தான் ஏதோ கோளாறு என்றே முதலில் நினைத்தேன். தைராய்டு வலி காதுக்கு ஓடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் தையல் டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளந்து காலண்டரில் குறித்தேன்: 34.5 சென்டிமீட்டர். ஒன்பதாம் நாள் 36. பதினான்காம் நாள் மறுபடியும் 34.5, பதினாறாம் நாள் விழுங்குவதில் ஒரு தடையும் இல்லை. அந்தக் காலண்டர் தாளைப் படம் எடுத்து அனுப்பியதைத்தான் என் மருத்துவர் மிகவும் விரும்பிப் பார்த்தார். "வீங்கியிருக்கிறது" என்று சொல்வதால் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை; ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும்.

பலருக்குச் சில நாளிலும், சிலருக்கு இரண்டு மூன்று வாரத்திலும் தானாக அடங்கிவிடும்.

வீக்கம் கழுத்தின் முன்புறம் இல்லை, காதுக்குக் கீழே கன்னத்தில் இருக்கிறது. இதுவும் தைராய்டுதானா?

இல்லை. இந்தக் கேள்வியை நான் முதலிலேயே வைத்திருக்க வேண்டும்; ஏனென்றால் குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை இழுக்கும். காதுக்கு முன்னும் கீழுமாக இருக்கும் பெரிய சுரப்பிகளே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றன. தாடைக்கு அடியில் உள்ளவை அதைவிடக் குறைவு. கிரேவ்ஸ் நோய்க்குக் கொடுக்கும் சிறிய அளவில் இது அவ்வளவாக வருவதில்லை. புற்றுநோய்க்கு 100 மில்லிகியூரி போல எடுத்தவர்களுக்கு ஓரிரு நாளிலேயே கன்னம் வீங்கலாம். சாப்பாட்டைப் பார்த்ததும், முக்கியமாகப் புளிப்பான எதையாவது வாயில் வைத்ததும் வீக்கமும் வலியும் கூடுவது இதன் அடையாளம். வாய் வறளும், உமிழ்நீர் உப்புக் கரிக்கும், சில நாள் சோறும் குழம்பும் தகரம்போல் ருசிக்கும்.

என் சித்தி மகளுக்கு இப்படி வந்தது. ஊர் வந்த மறுநாள் இரண்டு கன்னமும் உப்பியிருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டு ஆச்சி, "ஏளா, இது பொன்னுக்கு வீங்கில்லா!" என்று சொல்லி, தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தனுப்பினார். பொன்னுக்கு வீங்கிக்குப் பொன் அணிவது நம் பக்கத்து வழக்கம். ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன்; இரண்டிலும் வீங்குவது ஒரே சுரப்பிதான், அவர் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. காரணம்தான் வேறு. ஆனால் அந்தச் சங்கிலியை நம்பி மூன்று நாள் யாரையும் கேட்காமல் இருந்துவிட்டாள். தண்ணீர் நிறையக் குடிப்பது, காதுக்குக் கீழிருந்து வாய்ப்பக்கமாக மெதுவாகத் தடவி உமிழ்நீரை வெளியேற்றுவது, வலி மாத்திரை என்று மருத்துவமனை சொன்ன எளிய வழிகளைத் தொடங்கியபோதுதான் குறைந்தது. எலுமிச்சை மிட்டாய் சப்பலாமா என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை கருத்து வேறுபடுகிறது. முதல் 24 மணி நேரத்தில் உமிழ்நீரைத் தூண்டினால் சுரப்பிக்கு இரத்தம் அதிகம் பாய்ந்து அயோடினும் அதிகம் போய்ச் சேரும் என்று ஒரு சாரார் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். ஆகவே உங்களுக்குக் கொடுத்த தாளில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

கண்ணாடி முன் நின்று ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொடுங்கள். விழுங்கும்போது அந்த வீக்கம் மேலும் கீழும் நகர்ந்தால் அது பெரும்பாலும் தைராய்டு. தாடை மடிப்பிலோ காதுமடலுக்குக் கீழோ இருந்தால் உமிழ்நீர்ச் சுரப்பி. தொலைபேசியில் மருத்துவரை அழைக்கும்போது, "எத்தனையாவது நாள், எந்த இடம்" என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த நிலையில் விடியும்வரை காத்திருக்கக் கூடாது?

மூச்சு இழுக்கும்போது விசில்போல் சத்தம் வந்தால், படுத்தால் மூச்சு அடைத்து உட்கார்ந்தால்தான் விடமுடிந்தால், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால், குரல் திடீரென்று அடைத்துப்போனால், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 108-ஐ அழையுங்கள். வீக்கம் மூச்சுக்குழலை அழுத்துவது அரிது. ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முற்றக்கூடியது. நெஞ்சுக்குள் இறங்கிய பெரிய கழலை உள்ளவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு அபாயமும் உண்டு. கடுங்காய்ச்சல், தறிகெட்ட இதயத்துடிப்பு, வாந்தி அல்லது பேதி, பேச்சில் தடுமாற்றமோ மனக்குழப்பமோ சேர்ந்து வந்தால், அது தைராய்டு ஹார்மோன் அளவுமீறிப் பெருகிய நெருக்கடியாக இருக்கலாம். அதுவும் அரிதே, ஆனால் உயிருக்கு ஆபத்தானது.

இரண்டு சந்தர்ப்பத்திலும், மருந்து கொடுத்த ஊருக்குக் கார் பிடித்துப் போகிறோம் என்று கிளம்பாதீர்கள். முதலில் அருகிலுள்ள பெரிய மருத்துவமனை. மற்றவர்களோடு பேசுவதை அங்கிருந்து செய்யலாம்.

கழுத்து வலியோடு காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் இருக்கிறது. அழற்சிதானே?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அயோடினுக்கு முன்போ பின்போ தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, அந்த மாத்திரை அபூர்வமாக வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். அதன் முதல் அறிகுறியே காய்ச்சலும் தொண்டைப் புண்ணும்தான். கார்பிமசோல் இன்னும் சாப்பிடுபவராக இருந்தால் அடுத்த மாத்திரையை விழுங்காமல், அன்றைக்கே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தோல் சிவந்து, தொட்டால் சுட்டு, ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் சீழ்க்கட்டியா என்றும் பார்க்க வேண்டும். முன்பே கட்டி இருந்த இடத்தில் சில நிமிடத்தில் திடீரென்று வலியோடு பெருத்தால், கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். அல்ட்ராசவுண்டு எடுத்தால் தெரிந்துவிடும்.

வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடலாம்?

லேசான வலிக்குப் பாராசிட்டமால் போதும். அழற்சி தெளிவாக இருந்தால் இபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த மாத்திரைகளை மருத்துவர் சில நாளுக்குக் கொடுப்பார். சிறுநீரகக் கோளாறு, இரைப்பைப் புண், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் இவற்றைக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஆஸ்பிரினை வலி மாத்திரையாக எடுப்பதைத் தவிர்க்கச் சொல்வார்கள். அளவு கூடினால், இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் தைராய்டு ஹார்மோனை அது விடுவித்துப் படபடப்பைக் கூட்டும். இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறிய ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

வீக்கம் அதிகமாகவோ விழுங்கமுடியாத வலியாகவோ இருந்தால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் குறுகிய காலத்துக்குக் கொடுப்பது வழக்கம். ஓரிரு நாளிலேயே வித்தியாசம் தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த நாள்களில் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "ஸ்டீராய்டு சாப்பிட்டால் அயோடின் வேலை செய்யாமல் போய்விடுமா?" என்று என் தங்கை கேட்டாள். வலி வரும் நேரத்துக்குள் அயோடின் சுரப்பிக்குள் போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கி நாளாகியிருக்கும் என்பதால் அந்தக் கவலை வேண்டாம் என்றே மருத்துவர் சொன்னார்.

ஒத்தடம் கொடுக்கலாமா? பத்துப் போடலாமா? எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைப்பது வலிக்கு இதமாக இருக்கும். நீவி விடவே கூடாது. வீங்கிய சுரப்பிக்குள் உடைந்துகொண்டிருக்கும் அறைகளில் ஹார்மோன் நிறைந்திருக்கிறது. அழுத்திப் பிசைந்தால் வலியும் கூடும், ஹார்மோனும் கூடுதலாக வெளியேறலாம். சுக்குப் பத்து வெறும் எரிச்சலைத்தான் தரும். கழலைக்கென்று விற்கும் நாட்டு மருந்துகளில் சிலவற்றில் கடற்பாசி சேர்ப்பதுண்டு. கடற்பாசி என்றால் அயோடின். அயோடின் என்ற தனிமமே 1811-ல் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் கண்டெடுக்கப்பட்டது. இந்த நேரத்தில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கழுத்து வீங்கிய அதே நாள்களில் படபடப்பும் கைநடுக்கமும் கூடிவிட்டன. நோய் முற்றிவிட்டதா?

தைராய்டு தன் ஹார்மோனை அவ்வப்போது செய்து அவ்வப்போது அனுப்புவதில்லை. குதிரில் நெல்லைக் கொட்டிவைப்பதுபோல் ஏறக்குறைய இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதைச் சேர்த்துவைத்திருக்கிறது. அழற்சியில் குதிர் உடைந்து நெல் கொட்டுகிறது. அதனால் சில நாள், சிலருக்குச் சில வாரம், இரத்தத்தில் ஹார்மோன் முன்பைவிட ஏறி நிற்கும். நோய் திரும்பிவிட்டது என்று பொருள் இல்லை. ப்ரோப்ரனலோல் போன்ற மாத்திரை நாடியை அடக்கி நடுக்கத்தைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வயதானவர்களும் இதய நோயாளிகளும் காலையில் எழுந்ததும் நாடியை எண்ணிக் குறித்துவைத்தால் நல்லது. உட்கார்ந்திருக்கும்போதே 120-ஐத் தாண்டினாலோ துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ அன்றே காட்டுங்கள்.

உள்ளூர் மருத்துவரிடம் போனால் என்ன சொல்ல வேண்டும்?

ஏழாம் நாள் நான் ஓர் உள்ளூர் மருத்துவமனைக்குப் போனேன். "அயோடின் சாப்பிட்டிருக்கிறேன்" என்று சொன்னதும் பணியில் இருந்த இளைஞர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, என்னைக் கதவருகே நிற்கச் சொன்னார். கழுத்தைத் தொடாமலேயே தொண்டைத் தொற்று என்று எழுதி ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், இப்படி ஒரு நோயாளியை அவர் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்திருக்கக்கூடும் என்று தோன்றியது. சில நிமிடம் கழுத்தைத் தடவிப் பார்ப்பதால் மருத்துவருக்கு வரும் கதிர்வீச்சு மிகக் குறைவு. கையுறை போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கை கழுவினால் போதும். அதை அவருக்குச் சொல்லும் பொறுப்பு நம் மேல் விழுகிறது.

அதனால் வீடு திரும்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் தாளை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை மில்லிகியூரி அயோடின்-131, எந்த நோய்க்காக, அறுவை சிகிச்சை நடந்ததா, நடந்திருந்தால் சுரப்பி முழுவதும் எடுக்கப்பட்டதா பாதியா, இப்போது என்னென்ன மாத்திரைகள் என்ற விவரங்கள் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். மருந்து கொடுத்த பிரிவின் தொலைபேசி எண்ணையும் அதிலேயே எழுதிவையுங்கள். இரு மருத்துவர்களும் நேரடியாகப் பேசிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் அது. சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அயோடின் கலந்த சாயம் ஏற்றப்போகிறார்களா என்று கேளுங்கள். புற்றுநோய்க்காகத் தொடர் பரிசோதனை வரவிருப்பவர்களுக்கு அந்தச் சாயம் அடுத்த அயோடின் ஸ்கேனை வாரக்கணக்கில் தள்ளிப்போட வைக்கும். ஆனால் மூச்சுக்குழல் அழுந்துகிறதா என்று பார்க்க அவசரமாக வேண்டியிருந்தால் அதைத் தடுக்காதீர்கள்.

புற்றுநோய்க்காக எடுத்தவர்களுக்குக் கழுத்து வீக்கம் வேறு மாதிரியா?

சுரப்பி முழுவதையும் அறுவையில் எடுத்தவர்களுக்கு எஞ்சியிருப்பது சிறு துணுக்குகளே. அங்கே பெரிய அழற்சிக்கு இடம் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, மறுபக்கத்தை அயோடினால் அழிக்கிறவர்களுக்கு வலியும் வீக்கமும் அதிகமாக வரும். ஆகவே தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு கொடுக்கும் மருத்துவர்களும் உண்டு. கழுத்து நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தால், அயோடினை இழுத்த கணுக்களும் சில நாள் வீங்கி வலிக்கலாம்.

வீங்கினால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமா?

இல்லை. வீங்காமலே குணமானவர்கள்தான் அதிகம்.

வீக்கம் வந்ததால் என்னிடமிருந்து கதிர்வீச்சு அதிகமாக வருமா? பேரப்பிள்ளைகளைத் தூக்கலாமா?

வீக்கத்துக்கும் வெளியே வரும் கதிர்வீச்சுக்கும் தொடர்பில்லை. நீங்கள் விழுங்கிய அளவும் கழிந்த நாள்களுமே கணக்கு. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகியிருக்கச் சொன்ன நாள்கள் முடியும்வரை, வலியென்று கழுத்தைப் பிடித்துவிட மகளை அருகில் உட்காரவைக்காதீர்கள், குறிப்பாக அவள் கருவுற்றிருந்தால். மருத்துவமனைக்கு வருவதானாலும் நெரிசலான பேருந்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வருவதைத் தவிர்த்து, ஆட்டோவிலோ காரிலோ பின்னிருக்கையில் ஓரமாக உட்கார்ந்து வரலாம். கழிவறையை இருமுறை நீர்விட்டுக் கழுவுவது, ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது போன்றவை ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். கழிவுநீர்த் தொட்டியை நினைத்துக் கவலைப்படும் வீட்டாருக்கு ஒரு கணக்கு: எட்டு நாளுக்குப் பாதி என்றால், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும்.

இது கூடங்குளத்துக் கதிர்வீச்சுதானே? அதை ஏன் மருந்தாகக் கொடுக்கிறார்கள்?

இராதாபுரம் வட்டத்தில் இருக்கும் எங்கள் உறவினர்கள் ஒருவர் விடாமல் இதைக் கேட்டார்கள். கேள்வி அசட்டுத்தனமானது அல்ல. யுரேனியம் பிளக்கும் எந்த அணு உலைக்குள்ளும் அயோடின்-131 உண்டாகிறது. 1986-ல் செர்னோபிள் விபத்தில் காற்றில் பரவி, பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டைச் சென்றடைந்து பிற்காலத்தில் புற்றுநோயைக் கூட்டியதும் இதே அயோடின்தான். மருத்துவத்துக்கானது, மும்பையை அடுத்த டிராம்பேயின் ஆராய்ச்சி உலையில் தனியாகத் தயாரித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் அளந்து கொடுப்பது. செர்னோபிளில் குழந்தைகளின் ஆரோக்கியமான சுரப்பிக்குக் கேட்காமல் போய்ச் சேர்ந்தது, இங்கே அழிக்க வேண்டிய சுரப்பியை அழிப்பதற்காகவே கொடுக்கப்படுகிறது. 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்ததிலிருந்து இந்த வைத்தியம் நடந்துவருகிறது. அதற்காக எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்லவில்லை. கருவுற்றவர்களுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் கொடுக்கவே கூடாது. கண் துருத்தி வீங்கிய கிரேவ்ஸ் நோயாளிகளுக்கு, புகை பிடிப்பவராக இருந்தால் இன்னும் அதிகமாக, கண் மோசமாகலாம்.

நடைமுறையில் ஒரு சேதி: அணுமின் நிலையத்தில் வேலை செய்பவர் அயோடின் எடுத்துக்கொண்டால், வாயிலில் உள்ள கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவிகள் அவரைப் பார்த்து ஒலி எழுப்பும். வேலைக்குத் திரும்புமுன் அங்குள்ள பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவித்துவிட வேண்டும். விமான நிலையங்களிலும் சில வாரங்களுக்கு இது நடக்கலாம். தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பும் மீனும் சாப்பிட்டதால்தான் வீங்கியதா?

இல்லை. அயோடின் குறைந்த சாப்பாடு சிகிச்சைக்கு முந்திய ஒன்றிரண்டு வாரத்துக்கானது. சுரப்பியைப் பட்டினி போட்டு, மருந்தை நன்றாக இழுக்க வைப்பதற்காக. நெத்திலி, மாசி, கருவாடு, இறால், முட்டை மஞ்சள் கரு, அயோடின் உப்பு ஆகியவற்றை அப்போது விட்டிருப்பீர்கள். தூத்துக்குடி உப்பளத்துக் கல் உப்பானால் அயோடின் இருக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். பொட்டலத்தில் வரும் கல் உப்பிலும் அயோடின் சேர்த்து விற்கிறார்கள், அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் சொன்ன நாள் முடிந்ததும் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். விழுங்க வலிக்கும் நாள்களில் எனக்கு இறங்கியது குழைந்த சோறும் காரமில்லாத சொதியும்தான்.

அழற்சி அடங்கிய பிறகு கழுத்து எப்போது பழைய நிலைக்கு வரும்?

அழற்சியின் வீக்கம் வாரங்களில் வற்றிவிடும். அதற்கு முன்பே இருந்த கழலை சுருங்குவது வேறு கணக்கு. அது மாதங்களில் நடக்கும். பல கட்டிகள் கொண்ட பெரிய கழலை ஒன்றிரண்டு ஆண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம், முழுதாக மறையாமலும் இருக்கலாம். கிரேவ்ஸ் நோயில் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஹார்மோன் குறைந்துபோகும். உடல் கனப்பது, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், குரல் கரகரப்பது, முகம் ஊதுவது எல்லாம் அதன் அடையாளங்கள். இந்த முக ஊதலையும் "மறுபடி வீக்கம் வந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு பழைய வலி மாத்திரையைத் தேடுபவர்கள் உண்டு. அப்போது வேண்டியது, குறைந்துபோன ஹார்மோனை ஈடுசெய்யும் லெவோதைராக்சின் மாத்திரை. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். தொடக்க மாதங்களில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அது தாமதமாகவே எழும் என்பதால், தைராய்டே சுரக்கும் ஹார்மோனான டி4-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் வீங்குகிறது. இதுவும் அந்த அயோடினாலா?

இடத்தைப் பாருங்கள். சாப்பிடும்போது கன்னத்தில் திடீரென்று வீங்கி, ஒரு மணி நேரத்தில் வாய்க்குள் உப்புக் கரித்து ஏதோ வடிந்ததும் அடங்கினால், உமிழ்நீர்க் குழாய் சுருங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. இது அயோடின் எடுத்து மாதங்கள் கழித்தும் வரலாம். அடிக்கடி வந்தால் குழாய்க்குள் நுண்கருவி விட்டு அடைப்பை நீக்கும் சிகிச்சை உண்டு. வாய் வறட்சி நீடிப்பவர்களுக்குப் பல் சீக்கிரம் சொத்தையாகும் என்பதால் பல் மருத்துவரிடமும் அயோடின் எடுத்ததைச் சொல்லுங்கள். முன்கழுத்தில் புதிதாக, வலியில்லாமல், நாளுக்கு நாள் பெருக்கும் கட்டியாக இருந்தால் அது கதிர்வீச்சு அழற்சி அல்ல. அதன் காலம் முடிந்துவிட்டது. அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுக்கும் சோதனையும் செய்து பார்க்க வேண்டியது அது. அளவு குறித்த பழைய காலண்டர் தாள் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.